ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்ற வேண்டும்: கழற்றிப் பார்த்து முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

பெட்ரோல், சிஎன்ஜி, எல்பிஜி, ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கான கட்டுரை இது. டீசல் எஞ்சினில் இருப்பது குளோ பிளக். அது குளிரில் எஞ்சின் சுலபமாக ஸ்டார்ட் ஆகச் சூடேற்றுவது, தீப்பொறி தருவதல்ல. அதற்கான கணக்கு வேறு. முழு மின்சாரக் காரில் இரண்டுமே கிடையாது.

புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள் பிளக் விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று காலக்கெடு தாண்டியும் பிளக்கைத் தொடாமல் விடுவது ஒன்று. வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் பிளக்கை மாற்றிப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதில், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அடி வாங்கும். இரண்டாவதில் உண்மையான கோளாறு சில வாரங்கள் மறைந்திருந்து, புதுப் பிளக்கையும் கெடுத்துவிட்டுத் திரும்ப வரும். ஆகவே பிளக் தேய்ந்திருக்கிறதா, அழுக்கடைந்திருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் மாற்றினால் போதும். அழுக்கடைந்திருந்தால் அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் மாற்றுவதில் பயனில்லை.

பிளக் எப்படித் தேய்கிறது

பிளக்கின் நுனியில் நடு எலெக்ட்ரோடு, அதற்கு எதிரே வளைந்து நிற்கும் பக்க எலெக்ட்ரோடு, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி. மெக்கானிக்குகள் இதை கேப் என்பார்கள். பெரும்பாலான கார்களில் இது 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். காயில் தரும் உயர் மின்னழுத்தம் இந்த இடைவெளியைத் தாண்டும்போதுதான் பொறி பிறக்கிறது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு பிளக்கும் 1,000 முறை பொறி விடுகிறது. 30,000 கி.மீ.க்கு மூன்று கோடி முறை. ஒவ்வொரு பொறியும் எலெக்ட்ரோடிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைக் கொண்டுபோகிறது. முதலில் கூர்மையான விளிம்புகள் மழுங்கும். பிறகு இடைவெளி அகலும். மின்பொறி கூரான விளிம்பிலிருந்து எளிதாகக் கிளம்பும், உருண்ட முனையிலிருந்து சிரமப்பட்டுத்தான் கிளம்பும். அதனால் மழுங்கலும் அகலமும் சேர்ந்து, பொறிக்குத் தேவையான மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகின்றன. காயில் ஓரளவுக்கு ஈடுகொடுக்கும். அதன் எல்லை முடிந்ததும் பொறி தவறும். அதுதான் மிஸ்ஃபயர்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அடர்ந்த கலவையைத் துளைத்துப் பொறி போக இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும். எனவே தேய்ந்த பிளக் நின்ற இடத்தில் அழகாக ஐடிலிங் ஆகும். மேட்டில் உயர்ந்த கியரில் ஏற்றும்போதுதான் குலுக்கும். ஐடிலிங் நன்றாக இருக்கிறது, பிளக்கில் குறையில்லை என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

முதல் வேலை: உங்கள் காரில் எந்த வகைப் பிளக்?

காரோடு வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணையைத் திறந்து பாருங்கள். பிளக்கின் எண், இடைவெளி, மாற்ற வேண்டிய கிலோமீட்டர், பல கார்களுக்கு அதோடு வருடக் கணக்கும் அங்கே இருக்கும். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. கீழே வருபவை அதைப் புரிந்துகொள்ள உதவும் பொதுவான அளவுகள்.

சாதாரண நிக்கல் பிளக், அதாவது கடைகளில் காப்பர் பிளக் என்று விற்பது, 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். பிளாட்டினம் 60,000 முதல் 1,00,000 கி.மீ. இரிடியம் 1,00,000 கி.மீ. சுற்றுவட்டாரம், சில எஞ்சின்களுக்கு அதற்கு மேலும் கெடு கொடுத்திருப்பார்கள். காப்பர் பிளக்கில் செம்பு உள்ளே, வெப்பத்தைக் கடத்துவதற்காக இருக்கிறது. பொறியைச் சந்திக்கும் முனை நிக்கல் கலவைதான். நிக்கல் உருகுவது 1,455 டிகிரியில், பிளாட்டினம் 1,768 டிகிரியில், இரிடியம் ஏறக்குறைய 2,450 டிகிரியில். ஆயுள் வித்தியாசத்துக்கு அடிப்படை இதுதான்.

இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பெட்டியில் இரிடியம் என்று போட்டிருந்தாலும், நடு எலெக்ட்ரோடு மட்டும் இரிடியமாகவும் பக்க எலெக்ட்ரோடு வெறும் நிக்கலாகவும் இருக்கலாம். பக்க எலெக்ட்ரோடிலும் பிளாட்டினமோ இரிடியமோ ஒட்டியிருந்தால்தான் லட்சம் கிலோமீட்டர் கணக்கு பொருந்தும். வெறும் நிக்கலாக இருந்தால் பக்க எலெக்ட்ரோடு முன்னதாகவே தேய்ந்து குழி விழும். பெட்டியில் நீண்ட ஆயுள் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

கெடுவைச் சுருக்க வேண்டிய சூழ்நிலைகள் உண்டு. நெரிசலில் ஐடிலிங்கிலேயே நிற்கும் கார், ஓடோமீட்டர் காட்டுவதைவிட அதிகமாக எஞ்சின் ஓடிய கார்; டாக்ஸிக்கும் டெலிவரி வண்டிக்கும் இது முழுதாகப் பொருந்தும். சிஎன்ஜி, எல்பிஜியில் ஓடும் எஞ்சினில் பொறி கிளம்ப அதிக மின்னழுத்தம் தேவை, எரிதலின் வெப்பமும் பிளக்கை அதிகம் வாட்டும். பெட்ரோலுக்குச் சொன்ன கெடுவில் பாதியிலேயே ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. டர்போ எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் அதிகம் என்பதால் இடைவெளி கொஞ்சம் அகன்றாலே பொறி தவறத் தொடங்கும். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும் பழைய அமைப்புகளில், தேவையில்லாத ஸ்ட்ரோக்கிலும் ஒரு வெற்றுப் பொறி விழும். தேய்மானமும் அதற்கேற்பக் கூடும்.

பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், பிளக் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் எதுவும் இல்லை என்றால் கெடுவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நேராகக் கழற்றிப் பாருங்கள்.

ஓட்டும்போது தெரியும் அறிகுறிகள்

காலையில் செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்க நேரமானால் பிளக்கைச் சந்தேகிக்கலாம். மோட்டாரே இழுத்து இழுத்துச் சுற்றினால் அது பேட்டரி. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் பிளக்குக்குச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

மேட்டில் மூன்றாவது, நான்காவது கியரில் 1,500 சுற்றுக்கு அருகில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வண்டி சீராக இழுக்காமல் விட்டுவிட்டு உதறினால் பொறி தவறுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது. மைலேஜ் குறைவதும் ஒரு அறிகுறிதான். ஆனால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், சிக்கிக்கொண்ட பிரேக் எல்லாம் அதையே செய்யும் என்பதால் மைலேஜை மட்டும் வைத்துப் பிளக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், காரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர். பி0301, பி0302 என்றால் கடைசி இலக்கம் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்கிறது. விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அலட்சியம் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக் குழாய் வழியாகப் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது. அதன் உள்ளே இருக்கும் பீங்கான் அடுக்கு உருகி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவில் பிளக் செட்டுகள் பல வாங்கலாம். வேகத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து, பக்கத்தில் உள்ள பழுதுபார்க்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிலிண்டர் எண் மட்டும் வந்தால், பிளக் வாங்கும் முன் பணம் செலவாகாத ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாம் சிலிண்டர் மிஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டரிலும், மூன்றாவதின் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு, பதிவான கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் கோளாறு. பி0302 ஆகவே நின்றால் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அழுத்தம்) என்று தேடல் போக வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லாமல் கெடு மட்டும் வந்துவிட்டால்? மாற்றிவிடுங்கள். இடைவெளி மெல்ல மெல்ல அகலுவதால் ஓட்டுநரின் கால் அதற்குப் பழகிப்போகும்; பிக்கப் குறைந்தது தெரியாது. அந்தக் காலம் முழுக்கச் சிரமப்படுவது காயில்.

கழற்றும் முறை

தேவையானவை: ராட்செட், நீள எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கும் கம்பி வகை கேப் கேஜ், டார்ச். சாக்கெட் பெரும்பாலான கார்களுக்கு 16 மி.மீ.; பழைய எஞ்சின்களுக்கு 21 மி.மீ. எனப்படும் பெரிய சைஸ். சில புது எஞ்சின்களுக்கு மெல்லிய சுவர் கொண்ட 14 மி.மீ. வாங்கும் முன் எது என்று பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கைவைத்தால் சுடாத அளவுக்கு. பிளக் திருகியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை பிளக்கோடு உரிந்து வந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, காயில் கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவியுங்கள். பழைய கார்களில் இந்தப் பிளாஸ்டிக் பூட்டு வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து பொட்டென்று ஒடியும், ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். காயிலின் போல்ட்டை எடுத்து, காயிலை லேசாக இடவலமாகத் திருகியபடி மேலே இழுங்கள். பிளக்கின் மேல் காயிலுக்குப் பதில் வயர் மாட்டியிருக்கும் வகையாக இருந்தால் வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, ரப்பர் மூடியைப் பிடித்து இழுக்க வேண்டும். எந்தக் காயில், எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டி எண் போடுங்கள்.

இப்போது பிளக் குழிக்குள் டார்ச் அடியுங்கள். மண்ணும் தூசியும் இருந்தால் காற்றடித்து வெளியேற்றுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் பிளக் வெளியே வந்த நொடியில் மண் சிலிண்டருக்குள் விழும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் அதைத் துணியால் முழுதாக ஒற்றி எடுத்த பிறகே பிளக்கை அசையுங்கள். அந்த எண்ணெய் மேலே வால்வ் கவர் சீலில் இருந்து கசிவது. எஞ்சின் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று பயப்பட வேண்டாம். ஆனால் சீலை மாற்றாவிட்டால் புதுக் காயிலின் ரப்பரும் ஊறிக் கெடும்.

சாக்கெட்டை நேராக இறக்கி, முதல் அசைவை நிதானமாகக் கொடுங்கள். சாக்கெட் சாய்ந்தால் பீங்கான் விரிசல் விடும். பாதி வழியில் இறுகினால் பலத்தைக் காட்டாமல், கொஞ்சம் உள்ளே திருப்பி, துருநீக்கி எண்ணெய் விட்டு, ஊறவைத்து, முன்னும் பின்னுமாகத் திருகி எடுங்கள். ஃபோர்டின் 5.4 லிட்டர் டிரைட்டன் மூன்று வால்வு எஞ்சின் போலச் சிலவற்றில் பிளக்கின் அடிப்பாகம் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்து நிற்பது பேர்போன சிக்கல். அப்படிப்பட்ட எஞ்சின் என்றால் முதல் தடவை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். வி6 எஞ்சின்களில் பின்வரிசைப் பிளக்கை அடைய இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருந்தால், அதன் கேஸ்கெட்டையும் முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு அட்டையில் எண் போட்டு வையுங்கள். கலந்துவிட்டால் அடுத்த படியின் பாதி பயன் போய்விடும்.

பிளக்கைப் படிப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பிளக்கும் தன் சிலிண்டருக்குள் நடந்ததைக் காட்டுகிறது. எஞ்சினைத் திறக்காமல் அதைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு வேறு அதிகமில்லை.

பார்க்க வேண்டியது நடு எலெக்ட்ரோடைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு. வெளிவட்ட இரும்பு விளிம்பு கறுத்திருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் அது நல்ல நிலையிலும் கறுத்துத்தான் இருக்கும். அதேபோல் கழற்றும் முன் நெடுநேரம் ஐடிலிங்கில் விட்ட எஞ்சினின் பிளக்குகள் எல்லாமே கரியாகத் தெரியும். வழக்கம்போல் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, ஆறவைத்துக் கழற்றினால்தான் நிறம் உண்மை பேசும்.

பீங்கான் மூக்கு வெளிர் சாம்பலோ இளம் பழுப்போ ஆக இருந்தால் எரிதல் சரி. விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால் அது வயதின் தேய்மானம். மாற்றுங்கள், வேறு தேடல் தேவையில்லை.

உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது பிளக் போதுமான அளவு சூடாகவில்லை. பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரியைத் தாண்டினால்தான் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்தி நிறுத்துவது, தினமும் மிகக் குறைந்த தூரம் மட்டும் ஓட்டுவது போன்ற பழக்கத்தில் அந்தச் சூடு வருவதே இல்லை. இப்படிக் கறுத்த பிளக் தேய்ந்திருக்காது. ஒரு நீண்ட ஓட்டத்தில் தெளிந்துவிடவும் கூடும். ஆனால் வழக்கமாக நன்றாக ஓடும் காரில் நான்கும் கறுத்திருந்தால், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள்: அடைத்த ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் அழுத்தம், திறந்தபடி நின்றுவிட்ட தெர்மோஸ்டாட். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையோ காயிலையோ பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரியா, ஒன்று மட்டும் வேறு மாதிரியா என்ற இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் கேட்க வேண்டும்.

பளபளப்பான ஈரக் கறுப்பு, விரலில் பிசுக்கென்று ஒட்டினால் எண்ணெய். நுனியில் எண்ணெய் இருப்பதும் பிளக்கின் மேற்பகுதியில் இருப்பதும் வேறு வேறு. மேலே இருந்தால் முன்பு சொன்ன வால்வ் கவர் சீல். நுனியில் இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வ் சீல், அல்லது டர்போ. கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் வெறுமனே புதுப் பிளக் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் இதே கோலத்தில் வரும்.

ஈரமாக இருந்து பெட்ரோல் வாசனை அடித்தால் அந்தச் சிலிண்டரில் பொறி வரவில்லை, அல்லது ஸ்டார்ட் ஆகாமல் பலமுறை செல்ஃப் அடித்ததில் பெட்ரோல் நனைத்திருக்கிறது. பிளக்கை உலரவைத்துத் திரும்பப் போடலாம். பிளக் கெட்டுவிட்டதாக ஆகாது.

சுண்ணாம்பு போல் வெளுத்து, கொப்புளம் விட்டு, எலெக்ட்ரோடு நீலம் பாரித்திருந்தால் அளவு மீறிய சூடு. கலவையில் பெட்ரோல் குறைவு, தவறான வெப்ப எண் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண்) கொண்ட பிளக், குளிர்விப்பில் கோளாறு, அல்லது பிளக்கைச் சரியாக இறுக்காமல் விட்டது. கடைசிக் காரணத்தைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. பிளக்கின் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குப் போகிறது. தளர்ந்த பிளக்குக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போல் கரும்புள்ளிகளோ அலுமினிய மினுக்கமோ தெரிந்தால், பீங்கான் விரிசல் விட்டிருந்தால், எஞ்சின் நாக் ஆகிறது, அதாவது கலவை சீராக எரியாமல் வெடிக்கிறது. எலெக்ட்ரோடு உருகியே இருந்தால், காரணம் தெரியும் வரை அந்த எஞ்சினை ஓட்டக் கூடாது. அடுத்து உருகுவது பிஸ்டன்.

மூன்று பிளக் பழுப்பாக, ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் அந்தச் சிலிண்டருக்குள் கசிந்து நீராவியாகி அதைக் கழுவியிருக்கலாம். கூலன்ட் அளவு குறைகிறதா, சைலன்ஸரில் விடாத வெண்புகை வருகிறதா என்று பாருங்கள். ஹெட் கேஸ்கெட் சோதனை தேவை.

பீங்கானின் மேற்பகுதியில், இரும்பு உடலை ஒட்டி, ஒரு பழுப்பு வளையம் தெரியும். உள்ளிருந்து புகை கசிந்த அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை மட்டுமே அது, கெடுதலில்லை. அதே பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு ஓடியிருந்தால் மட்டும் விஷயம் வேறு: பொறி உள்ளே போகாமல் வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது. அப்போது பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரப்பரில் உள்ள கரிக்கோடு புதுப் பிளக்கிலும் அதே தடத்தைப் போட்டுவிடும்.

இடைவெளியை அளப்பது

கம்பி கேஜை இரண்டு எலெக்ட்ரோடுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். லேசாக உரசிப் போகும் கம்பியின் அளவே இடைவெளி. கையேட்டில் சொன்ன அதிகபட்ச அளவைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். புதிதில் 0.8 மி.மீ. இருக்க வேண்டியது 1.1 மி.மீ. காட்டினால் அதன் காலம் முடிந்தது. பக்க எலெக்ட்ரோடைத் தட்டி இடைவெளியைக் குறைத்து மீண்டும் போடுவதில் அர்த்தமில்லை. மழுங்கிய விளிம்பு மழுங்கியதாகவே இருக்கும்.

நாணயம் போன்ற சரிவு கேஜை இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளில் உபயோகிக்காதீர்கள். 0.4 முதல் 0.7 மி.மீ. தடிமனே உள்ள அந்த முனை, நெம்பினால் உடனே ஒடியும். கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் வேண்டாம். பீங்கானில் ஒட்டும் உலோகத் துகள் மின்சாரத்துக்குப் புது வழி போட்டுவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் மேல்முனைக்கும் நடு எலெக்ட்ரோடுக்கும் இடையே மின்தடை பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக்கில் சுமார் 5,000 ஓம் காட்டும். தொடர்பே இல்லை என்று வந்தால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பிளக் முடிந்தது.

ஒன்று மட்டும் மோசமாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா? ஒரே கிலோமீட்டர் ஓடியவை என்பதால் செட்டாக மாற்றுவதே சரி. அண்மையில் போட்ட செட்டில் ஒன்று கீழே விழுந்து உடைந்தது போன்ற சமயத்தில் மட்டும் அதே எண்ணில் ஒன்றை வாங்கிப் போடலாம். சில எஞ்சின்களில், உதாரணமாக ஹோண்டாவின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில், சிலிண்டருக்கு இரண்டு பிளக். நான்கு சிலிண்டருக்கு எட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போது

எண் அப்படியே பொருந்த வேண்டும். என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6ஈ-11 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், ஆர் என்பது ரெசிஸ்டர் உண்டு என்பதையும், 6 வெப்ப எண்ணையும், ஈ மரையின் நீளம் 19 மி.மீ. என்பதையும், 11 இடைவெளி 1.1 மி.மீ. என்பதையும் சொல்கின்றன. மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம்; குறைந்தால் மிச்ச மரையில் கரி அடையும். வெப்ப எண்ணில் கவனம் தேவை: என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாக வெளியேற்றுவது), பாஷில் எண் ஏற ஏறச் சூடான பிளக் (சூட்டைத் தக்கவைப்பது). நிறுவனம் மாற்றுவதாக இருந்தால் எண்களை நேரடியாக ஒப்பிடாமல், அந்த நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் எஞ்சினுக்கு எது என்று பாருங்கள். கரி பிடிக்கிறது என்பதற்காகச் சூடான பிளக்குக்குத் தாவுவது, காரணத்தை விட்டுவிட்டு எஞ்சினைப் பணயம் வைப்பது.

போலிப் பிளக்குகள் உண்டு. எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருப்பது, நடு எலெக்ட்ரோடு மையம் விலகியிருப்பது, வாஷர் எளிதாகக் கழன்று விழுவது, செட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடைவெளி இருப்பது ஆகியவை அடையாளம்.

பொருத்துவது

புதுப் பிளக்கின் இடைவெளியை ஒருமுறை அளந்து பாருங்கள். பெட்டிக்குள்ளேயே அடிபட்டு மாறியிருக்கலாம். சரிசெய்வதாக இருந்தால் பக்க எலெக்ட்ரோடை மட்டும், 0.2 மி.மீ.க்குள். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள்; பீங்கானின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

தொடக்கத் திருகல் கையால்தான். பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி அதைத் திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிக் கொடுக்கும், ஹெட் தப்பிக்கும். ராட்செட்டில் மாட்டித் தொடங்கினால் கோணல் ஏறியது தெரியாமலே மரையை அழித்துவிடலாம்.

கை இறுக்கம் வந்த பிறகு டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கோண அளவைப் பின்பற்றுங்கள்: புது வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்குப் பெரும்பாலும் கை இறுக்கத்துக்குப் பின் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. வாஷர் இல்லாமல், கூம்பாகச் சரிந்த அடியால் ஹெட்டில் உட்காரும் வகைக்குப் பதினாறில் ஒரு சுற்று மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டாம் வகைப் பிளக் அடுத்த முறை வெளியே வராது.

மரையில் கிரீஸோ, மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையோ பூசலாமா என்று கேட்பார்கள். மரையில் பூச்சு உள்ள இன்றைய பிளக்குகளுக்கு வேண்டாம். வழுக்கல் கூடுவதால் ரெஞ்ச் அதே அளவைக் காட்டும்போது உண்மையில் மிகையாக இறுகியிருக்கும். காயில் ரப்பரின் உள்விளிம்பில் மட்டும் மின்காப்பு கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் அடுத்த தடவை ஒட்டாமல் கழன்று வரும்.

காயில்களைப் பழைய இடத்திலேயே அழுத்தி உட்காரவைத்து, போல்ட் போட்டு, கனெக்டர் கிளிக் என்று பூட்டும் சத்தத்தைக் கேளுங்கள். பேட்டரியை இணைத்து, கோளாறு எண் பதிவாகியிருந்தால் அழித்து, ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் குலுங்கினால் உடனே நிறுத்திக் கனெக்டர்களை மறுபடி அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று பாதியில் நிற்கும். சீராக ஓடினால் முன்பு உதறிய அதே மேட்டில், அதே கியரில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். பிறகு தேதி, ஓடோமீட்டர் எண், பிளக் எண் மூன்றையும் எழுதி எஞ்சின் கவரின் உள்பக்கம் ஒட்டுங்கள். கரியோ எண்ணெயோ கண்டு காரணத்தைச் சரிசெய்திருந்தால், 1,000 கி.மீ. கழித்து அந்தச் சிலிண்டரின் பிளக்கை மட்டும் எடுத்து நிறம் பாருங்கள். திரும்பப் போடும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் என்பதால், டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்கினால் கை இறுக்கத்துக்குப் பின் பன்னிரண்டில் ஒரு சுற்று போதும்.